இடம்புரி, வலம்புரி – கடிதம்

வணக்கம் அண்ணா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். தானாக ஒன்றுகூடிச் சுருளாகும் மூலக்கூறுகளைப் பற்றி செமினார் எடுக்க வேண்டும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மூலக்கூறிலேயே எழுதியிருக்கிறது என நினைக்கிறேன். எங்கள் ஏரியா பசங்களுக்கும் அப்படித்தானே, பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது? தமிழில் படிக்க ஏதாவது சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

புத்தகம் அப்புறம். ஏரியா பசங்களைப் பற்றிய அந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. நம்மைப் பற்றி ஊர் சொல்வதை நீயே அறிவியல் பேரில் சொல்லலாமா? அதற்கு மூலக்கூறைச் சாட்சிக்கு இழுக்காதே. அது அப்படிச் சொல்லவும் இல்லை.

சோடியம் குளோரேட் என்ற உப்பை எடுத்துக்கொள். கரைசலில் அதற்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. படிகமாகும்போதுதான் ‘கை’ வருகிறது, அதாவது நம் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் ஒன்று. அசைக்காமல் விட்டால் இரண்டு கையும் ஏறக்குறைய சரிபாதி. 1990இல் திலீப் கொண்டேபுடி என்ற விஞ்ஞானியும் உடன் இருந்தவர்களும் கரைசலைக் கலக்கிக்கொண்டே படிகமாக்கினார்கள். ஒரு பாத்திரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே இடக்கை, இன்னொன்றில் எல்லாமே வலக்கை. முதலில் பிறந்த படிகத்திலிருந்து துணுக்குகள் உதிர்ந்து, ஒவ்வொன்றும் தாயின் கையோடு வளர்கிறது. கரைந்திருப்பதை அவையே வேகமாக இழுத்துக்கொள்வதால் எதிர்க்கை தலைதூக்க முடிவதில்லை. எந்தக் கை என்பதை நீ முடிவு செய்யணுமா? அந்தக் கைப் படிகத்தில் ஒரு துகளை முதலிலேயே போடு. அவ்வளவுதான்.

மூலக்கூறுக்கே கை இருந்தாலும் கதை அதோடு முடியாது. காசிமேட்டில் சித்தப்பா கயிறு திரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்குவார். மூன்றையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார். “ஒரே பக்கம் முறுக்கினா பிரிஞ்சிடும்டா” என்பார். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதமும் அப்படித்தான்: தனிச் சங்கிலி இடஞ்சுழி, மூன்று சேர்ந்த கயிறு வலஞ்சுழி. கல்லூரியில் இதைப் படித்த அன்று நேராக அவரிடம் போய்ச் சொன்னேன். “வேற எப்படி இருக்கும்?” என்றார்.

சரி, உன் செமினார். வீட்டில் சோடியம் குளோரேட்டைத் தொடாதே, சட்டென்று தீயைத் தூண்டும் சாமான். லேபில் ஆசிரியர் கூட இருக்கும்போது செய். படிகங்களை இரண்டு போலராய்டு தாள்களுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள்) நடுவே வைத்து மேல்தாளை மெல்லத் திருப்பு. இரண்டு கையும் வேறு வேறு நிறம் காட்டும். படம் எடுத்து எனக்கும் அனுப்பு.