ஒருவருக்கு மாத்திரை, இன்னொருவருக்குக் கீமோ மட்டும்: மார்பகப் புற்றுநோயில் ஏன் இந்த வித்தியாசம்?

உங்கள் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக ஐந்து வருடம் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள், அதே வார்டில் இருந்த இன்னொருவருக்கு அந்த மாத்திரையே இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது நானும் இதே கேள்வியோடு அலைந்தேன், யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர் என்று ஒரு வரி இருக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். கட்டியில் அது எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள், அம்மாவுக்கு எட்டுக்கு ஏழு. ஏற்பி என்றதும் செல்லின் வெளிப்பக்கம் ஒட்டியிருப்பது என்றுதான் நினைத்தேன், அதே ரிப்போர்ட்டில் வரும் ஹெர்-2 என்ற இன்னொரு ஏற்பி அப்படித்தான். ஆனால் ஈஆர் பெரும்பாலும் உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது. அது ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதாவது டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற புரதம். ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்தால் செல் பெருகுவதற்கான மரபணுக்களை இது முடுக்கிவிடும். தனியாகவும் செய்துவிடாது. ஃபாக்ஸ்ஏ1 என்ற இன்னொரு காரணி முன்னால் போய், இறுகச் சுருண்டிருக்கும் டிஎன்ஏவைத் தளர்த்தி இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும், காட்டா3 என்பதும் துணை நிற்கும். லூமினல் என்கிற, ஈஆர் உள்ள வகைக் கட்டிகள் இந்தக் கூட்டணியை நம்பித்தான் வளர்கின்றன.

தமாக்சிஃபென் செய்வது, ஈஆரில் ஈஸ்ட்ரோஜனுக்கான இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, மார்பகக் கட்டியில் அந்த முடுக்கத்தைத் தடுப்பது. டிரிப்பிள் நெகட்டிவ் வகையில், அதாவது ஈஆர், புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்று வரும் கட்டிகளில், ஈஆரே இல்லை, மாத்திரைக்குப் பிடிமானமும் இல்லை, அதனால்தான் அங்கே கீமோ, சிலருக்கு இப்போது உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும்.

சரி, மாத்திரை என்றைக்கும் கேட்குமா? எல்லோருக்கும் இல்லை. நோய் பரவியவர்களில் சிலருக்கு, குறிப்பாக உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கும் லெட்ரோசோல் போன்ற மருந்துகளை நெடுநாள் எடுத்த பிறகு, ஈஆர் மரபணுவிலேயே திடீர்மாற்றம் வந்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஏற்பியையே சிதைக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் எலாசெஸ்ட்ரன்ட் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்புறம், அக்காவிடம் அவசியம் சொல்ல வேண்டியது ஒன்று. இதே தமாக்சிஃபென் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும், அதாவது அங்கே செல்களை வளரத் தூண்டும், ஏனென்றால் ஈஆரோடு அங்கே சேரும் துணைப் புரதங்களின் கலவை வேறு. வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்திவிட வேண்டாம்.