அந்தக் கல்லு கேட்டுச்சு

அன்புள்ள தம்பிக்கு,

2019-ல நானும் வீட்டுக்காரரும் சர்ச் குரூப்போட பரிசுத்த நாடு போயிட்டு வந்தோம். பெத்லகேம், கலிலேயா கடல், யோர்தான், யாக்கோபு கிணறு எல்லாம் பாத்தோம். இயேசு கல்யாண வீட்டுக்குப் போன கானாவூர்ல ஜோடி ஜோடியா நிக்கவெச்சு திருமண உடன்படிக்கையைப் புதுப்பிச்சாங்க, எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்புதான் வந்துச்சு. கூட வந்தவங்க போன இடமெல்லாம் அழுதாங்க. எனக்கு ஒரு இடத்துலகூட கண்ணு கலங்கல. கூட்டிட்டுப் போன பாஸ்டர், "தேவனோட இருக்கிற உடன்படிக்கையில எங்கயோ விரிசல் விழுந்திருக்கும்மா, இங்கயே புதுப்பிச்சிட்டுப் போங்க"ன்னார். அது இன்னும் உறுத்துது. இப்போ சீனாய் மலையும் சேத்து ஒரு டூர் வருது. திரும்பப் போகலாமா? அப்புறம், அதெல்லாம் நெஜமாவே அந்தந்த இடம்தானா?

(பேர் போடவேண்டாம்)

அன்புள்ள அக்கா,

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடுறேன். சிலது அந்த இடம்தான், சிலது பரம்பரையா வர்ற நம்பிக்கை, சிலது பஸ் நிறுத்த வசதியா இருக்கிற இடம். கானாவூர்ல சிரிச்சதுக்கு விளக்கமே வேண்டாம், இத்தனை வருஷம் ஒண்ணா குடித்தனம் நடத்தினவங்களை நிக்கவெச்சு மறுபடி சத்தியம் பண்ணச் சொன்னா சிரிக்காம என்ன பண்ணுவாங்க.

ஆனா யாக்கோபு கிணறுன்னு போறபோக்குல ஒரு வார்த்தை எழுதிட்டீங்க பாருங்க, அதுல நான் மாட்டிக்கிட்டேன். பாலஸ்தீனத்து நாப்லூஸ்ல அந்தக் கிணறு இருக்கிற சர்ச்சுக்குள்ள படியிறங்கி, நாப்பது மீட்டர் ஆழத்துலேருந்து இறைச்ச தண்ணியில ஒரு வாய் குடிச்சுட்டு பஸ் ஏறியிருப்பீங்க. அங்கேருந்து பத்து நிமிஷம் நடந்தா டெல் பலாட்டா, அதான் பைபிள்ல வர்ற பழைய சீகேம் ஊர். உடன்படிக்கை உடன்படிக்கைன்னு உங்களை அந்த வாட்டு வாட்டின பாஸ்டர், உடன்படிக்கை நடந்த ஊர் வாசல்வரைக்கும் வந்துட்டு பஸ்ஸைத் திருப்பியிருக்காரு, எனக்கு அதுதான் ஆத்திரம்.

"நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்." உங்க வீட்டு முன்ரூம்ல தொங்குதா இல்லையா? தொங்கும். கண்ணாடி போட்டு, வெல்வெட்டுல ஜிகினா எழுத்துல, இல்லன்னா சர்ச் காலண்டர்லயாவது இருக்கும். யோசுவா 24:15. அதை, மோசேக்கு அப்புறம் இஸ்ரவேலரை நடத்தின யோசுவா சொன்னது அந்த ஊர்லதான். கெரிசீம் மலையும் ஏபால் மலையும் ரெண்டு பக்கம் நிக்க, நடுவுல இருக்கிற அந்தக் கணவாய்ல. சரி, அதுக்கு நாலு வசனம் தள்ளி என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா? ஜனங்க எல்லாம் நாங்களும் சேவிப்போம்னு கோரஸா சொல்றாங்க, யோசுவா உடனே, உங்களால முடியாதுங்கிறார். நேருக்கு நேர். 19-ம் வசனத்தை யாராவது ஃப்ரேம் போட்டு மாட்டி நான் பாத்ததில்ல. அப்புறமும் இவங்க அடம்பிடிக்கிறாங்க, சரின்னு ஒரு பெரிய கல்லை எடுத்து மரத்தடியில நட்டு, நீங்க கேட்டதையெல்லாம் இந்தக் கல்லும் கேட்டுச்சு, இதுதான் சாட்சிங்கிறார். அது புதுப்பிப்புதானேன்னு உங்க பாஸ்டர் சார்பா நீங்க கேக்கலாம். ஆமா, புதுப்பிப்புதான். ஆனா டிரைவிங் லைசென்ஸ் மாதிரி வரிசையில நின்னு புதுப்பிக்கிறதுன்னு யோசுவா நெனைக்கல, வேண்டாம் போங்கன்னு தடுத்துப் பாக்கிறார்.

அந்த ஊரோட ரெக்கார்டும் அப்படி. ஆபிரகாம் கானானுக்குள்ள வந்ததும் உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் குடுப்பேன்னு முதல் வாக்குத்தத்தம் கேட்டது அங்கதான் (அந்த வசனத்தைப் பட்டா மாதிரி நீட்டுறவங்களைப் பத்தி இன்னொரு நாள் திட்டுறேன்). அதே ஊர்லதான் யாக்கோபோட பசங்க சிமியோனும் லேவியும், தங்கச்சிக்காகப் பழிவாங்க, விருத்தசேதனம் (நுனித்தோலை வெட்டுற சடங்கு) பண்ணிக்கோங்க சம்பந்தம் வெச்சுக்கலாம்னு ஊர் ஆம்பளைங்களை நம்பவெச்சு, மூணாம் நாள் அவங்க வலியில கிடக்கும்போது வெட்டித் தள்ளினாங்க. உடன்படிக்கைக்குக் குடுத்த அடையாளத்தையே அக்கா, கத்தியா மாத்தினாங்க. அப்புறம் கிதியோன் மகன் அபிமெலேக்கு. பாகால்பேரீத்ங்கிற சாமி கோவில்லேருந்து 70 வெள்ளிக்காசு வாங்கி, அந்தப் பணத்துக்கு ஆள் புடிச்சு, கூடப் பொறந்தவங்களை ஒரே கல்லு மேல வெச்சுக் கொன்னான். எபிரெயத்துல பேரீத்ன்னாலே உடன்படிக்கை! பின்னால சாலொமோன் மகன் ரெகொபெயாம் காலத்துல ராஜ்யம் ரெண்டா உடைஞ்சதும் சீகேம்லதான். இப்படிப்பட்ட ஊர்ல போயி நிக்கிறவங்க அழுதே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

நான் போனது 2016-ல. பக்கத்துலயே 1950-ல அமைச்ச பலாட்டா அகதி முகாம், ஒட்டி ஒட்டி கட்டின வீடு, மொட்டைமாடி பூரா கறுப்பு தண்ணித் தொட்டி. தோண்டின குழிக்கு நடுவுல, அஞ்சு மீட்டர் தடிமனா கட்டின பழைய கோவில் சுவரோட அடித்தளம், அதுக்கு முன்னால அந்தக் கல்லு. தட்டையா, மேல்பக்கம் உடைஞ்சு, என் நெஞ்சு உயரம்கூட இருக்காது. ஜெர்மன் ஆராய்ச்சியாளர் எர்ன்ஸ்ட் செல்லின் தோண்டினப்போ கெடைச்சது. யோசுவா நட்டது இதுதான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, நானும் அதைத் தேடிப் போகல. சுவர் மேல ஒரு பையன் உக்காந்து சூரியகாந்தி விதையைக் கொறிச்சு தோலைத் துப்பிக்கிட்டிருந்தான். எனக்கும் உங்களை மாதிரியே ஒண்ணும் வரல. ரெண்டு நிமிஷம் கழிச்சு எங்க வீட்டு முன்ரூம்தான் ஞாபகம் வந்துச்சு.

எங்க அம்மாவுக்குச் சொந்த ஊர் நாசரேத்து, ரயில் நிக்கிற நம்ம நாசரேத்து. கல்யாணச் சீரோட அவங்க கொண்டுவந்த போர்டுதான் அந்த வசனம். தாத்தா போனப்புறம் விளையையும் வீட்டையும் பிரிக்கிற அன்னைக்கு, அந்தப் போர்டுக்கு நேர் கீழ நின்னுதான் அப்பாவும் சித்தப்பாவும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் புடிச்சாங்க. பைபிள் மேல கையை வெச்சு சொல்லுடான்னார் சித்தப்பா, அப்பா வெச்சார். பொய்யின்னு எனக்குத் தெரியும், பதினொரு வயசுலயே தெரியும், நான்தான் பத்திரத்தைப் படிச்சுக் காட்டினவன். இதை இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

அன்னைக்கோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுச்சு. ஆனா அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு தூக்குச்சட்டி நெறைய முந்திரிக்கொத்தும் அதிரசமும் போட்டு என் கையில குடுத்து சித்தப்பா வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்பாகிட்ட கேட்டதும் இல்ல, சொன்னதும் இல்ல. முதல் மூணு வருஷம் மூடியைக்கூடத் திறக்காம அப்படியே திருப்பி விட்டாங்க. எனக்கு அவமானமா இருக்கும், அடுத்த வருஷம் போகமாட்டேன்னு அழுவேன், அம்மா பாட்டுக்கு டிசம்பர் வந்ததும் மாவு இடிப்பாங்க. நாலாவது வருஷம் சட்டியைக் கழுவிக் குடுத்தாங்க சித்தி, வெறும் சட்டியா குடுக்கக்கூடாதுன்னு உள்ள ஒரு பிடி சீனி இருந்துச்சு. அப்பாவும் சித்தப்பாவும் கடைசிவரைக்கும் பேசிக்கல, அது வேற.

ஆதியாகமம் 15-ஐ இன்னொருக்கா படிங்க அக்கா. எபிரெயத்துல உடன்படிக்கை பண்றதை வெட்டுறதுன்னுதான் சொல்வாங்க. கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, மூணையும் நடுவுல பிளந்து எதிரெதிரா வெச்சு, உடன்படுறவங்க அந்தத் துண்டுகளுக்கு நடுவுல நடக்கணும், வாக்கு மாறினா என் கதியும் இதுதான்னு அர்த்தம். ஆபிராம் (ஆபிரகாமோட பழைய பேர்) நடந்தாரா? இல்ல. அயர்ந்து தூங்கிக்கிட்டிருந்தார். புகையிற சூளையும் எரியிற தீவட்டியும் மட்டும்தான் நடுவுல கடந்து போச்சு. நடந்தது ஒரு பக்கம் மட்டும்தான். தூங்கினவருக்கே அந்த உடன்படிக்கை செல்லுச்சுன்னா, யோர்தான் கரையில முழிச்சுக்கிட்டு கண்ணு கலங்காம நின்ன உங்களுக்கு அதுல என்ன விரிசல் வந்துடப்போகுது? உணர்ச்சியை அளவுகோலா வெச்சு ஒரு வயசான பொம்பளையை இத்தனை வருஷம் பயமுறுத்தி வெச்சிருக்கிறது சுத்தமான அநியாயம். நீங்களும் அதைக் கேட்டுட்டு வந்து உள்ளயே வெச்சு புழுங்கியிருக்கீங்களே, அங்கயே திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா? உங்க மேலயும் எனக்குக் கோபம்தான்.

சீனாய்க்குப் போகணும்னு ஆசையா இருந்தா போங்க, விரிசலை ஒட்டவைக்கப் போறேன்னு மட்டும் போகாதீங்க. ஜெபல் மூசா, அதான் அந்த சீனாய் மலை, படி 3750, முட்டிவலி இருந்தா பாதி தூரத்துக்கு மேல ஒட்டகம் போகும், கடைசிப் படியெல்லாம் நடந்துதான் ஆகணும். கீழ புனித கத்தரீனா மடத்தை அவசரப்படாம பாருங்க. யாக்கோபு கிணத்துப் பக்கம் மறுபடி போற சந்தர்ப்பம் வந்தா டிரைவர்கிட்ட சொல்லி அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க. செருப்பு மட்டும் நல்லதா போட்டுக்கோங்க, அங்க முள்ளு ஜாஸ்தி.