இரவல் மாடு செத்தால் யார் தலையில்?

கேள்வி: பைபிளில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போதெல்லாம் குழம்பிப்போகிறேன். நம்பி ஒப்படைத்த பணமோ பண்டமோ திருடு போனால், வைத்திருந்தவர் தான் அதில் கைவைக்கவில்லை என்று கடவுள்முன் உறுதி சொன்னால் போதும் என்று 7, 8 வசனங்களில் வருகிறது. ஒப்படைத்த மாடு திருடு போனாலோ ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 12. இரவல் வாங்கிய மாடு செத்துப்போனாலும் கொடுக்க வேண்டும் என்கிறது 14. ஒரே பக்கத்தில் மூன்று நியாயமா? யூதர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

பதில்: உங்கள் குழப்பம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. இந்தச் சில வசனங்களுக்காக யூத மத அறிஞர்களான ரபிகள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் ‘பாவா மெட்சியா’ என்ற பகுதியைத் திறந்தால் அந்த வாதம் கிடைக்கும்.

வேதத்தில் பணம், மாடு என்றுதான் இருக்கிறது. காப்பதற்குக் கூலி என்ற பேச்சே இல்லை. ஆனால் ரபிகள் முதல் பகுதி சும்மா காப்பவரைப் பற்றியது, அடுத்தது கூலிக்குக் காப்பவரைப் பற்றியது என்று பிரித்துவிட்டார்கள். சும்மா காப்பவருக்கு அந்தப் பொருளால் ஒரு காசு லாபமில்லை. கவனக்குறைவு இல்லை என்று சத்தியம் செய்தால் விட்டுவிடலாம். கூலி வாங்கியவர் திருட்டுக்கும் தொலைந்ததற்கும் பொறுப்பு. ஆயுதக் கொள்ளை, இயற்கைச் சாவு போன்றவற்றுக்கு மட்டும் இல்லை. வாடகைக்கு எடுத்தவரையும் முடிவில் இவரோடு சேர்த்துவிட்டார்கள். இரவல் வாங்கியவருக்கோ லாபம் முழுவதும், செலவு ஒன்றுமில்லை. ஆகவே இடி விழுந்து மாடு செத்தாலும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த வேத உரையாசிரியர் ரஷ்பாம் இந்தப் பிரிவினையை விட்டு வசனத்தை நேராகவே படித்தார். பண்டம் வீட்டுக்குள் பூட்டிக் கிடப்பது, மாடு வெளியே மேய்வது, காவல் வேறு என்பதால் பொறுப்பும் வேறு என்றார். வசனத்தின் நேர்ப்பொருள் இதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சட்டமாக நின்றது ரபிகளின் வாசிப்பு.

இரவல்காரருக்கும் ஒரு வழி வைத்தார்கள். எந்த வேலைக்காக வாங்கினாரோ அந்த வேலையிலேயே, வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது, பொருள் கெட்டுப்போனால் அவர் பொறுப்பில்லை. இரவல் கோடரி உடைந்து ஒருவர் பாபிலோனிய ரபி ரவாவிடம் வந்தபோது, வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதற்குச் சாட்சி கொண்டுவந்தால் தப்பலாம் என்றார் அவர். இதைவிட எனக்குப் பிடித்தது பூனை வழக்கு. எலி பிடிக்க இரவல் வாங்கிய பூனையை எலிகள் கூட்டமாகச் சேர்ந்து கொன்றுவிட்டன! இதுவும் வேலையில் வந்த சாவுதானா என்று ரபி ஆஷி யோசித்துக்கொண்டிருக்க, பெண்கள் கொன்ற ஆணுக்கு வழக்கு ஏது என்ற பழைய கேலியைச் சொல்லி, எலியிடம் செத்த பூனைக்கும் அதேதான் என்று வழக்கை முடித்துவிட்டார்கள். (பெண் வாசகர்கள் என்னைத் திட்ட வேண்டாம்; மிஷ்னாவுக்கு விளக்கமாகப் பின்னால் வந்த தல்மூதில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.) எலிகளைத் தின்று தின்றே பூனை செத்தது என்று கதையை வேறு விதமாகச் சொல்வதும் உண்டு.

திருடன் பிடிபட்டால்? திருடியதைப் போல இருமடங்கு அவன் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் யாருக்கு என்பதில்தான் மிஷ்னா என்னை வியக்க வைத்தது. சத்தியம் செய்தாலே தப்பித்திருக்கக்கூடிய சும்மா காவல்காரர், அதற்கு மனமில்லாமல் கைக்காசைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருடன் அகப்பட்டால் இருமடங்கும் அவருக்கே போகும். சத்தியம் செய்து தப்பியிருந்தால் உடையவருக்குப் போகும்.

நீங்கள் கேட்காத 15ஆம் வசனத்தையும் சொல்லிவிடுகிறேன். உடையவர் கூட இருந்தால் இரவல்காரர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்கிறது அது. ‘கூட இருந்தால்’ என்பதற்கு, இரவல் வாங்கும் நேரத்தில் உடையவரும் வாங்குபவருக்கு ஏதோ வேலை செய்துகொண்டிருந்தால் என்று ரபிகள் பொருள் சொன்னார்கள். மாடு சாகும்போது அவர் பக்கத்தில் நின்றாரா என்பது கணக்கில்லை. இதைப் பிடித்துக்கொண்டு அதே ரவா ஒரு யோசனை சொன்னார்: பொறுப்பில்லாமல் இரவல் வாங்க வேண்டுமா, வாங்கும்போதே “குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்” என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் வேலைதானே! அதற்கு உடையவர் விவரமானவராக இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது: “முதலில் மாட்டை வாங்கிக்கொள், அப்புறம் தண்ணீர் தருகிறேன்.”