பஸ்கால் முக்கோணிக்கு நிறம் பூசினால்

கேள்வி: ஃபிராக்டல் வீடியோ பார்த்துப் பார்த்து நானும் ஒரு அனிமேஷன் செய்ய ஆசை. கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான். முடியுமா?
– உயர்தர கணித மாணவி, ஹட்டன்

பதில்: தாராளமாக, தங்கச்சி. ஃபிராக்டல் என்றால், ஒரு பகுதியைப் பெருப்பித்தாலும் முழு உருவத்தைப் போன்ற வடிவமே திரும்ப வரும் உருவம். அதில் பேர்போன மாண்டல்புரோட் படத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும் அந்த வீடியோக்களை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். அழகுதான், ஆனால் ஏன் அப்படி வருகிறது என்று பார்ப்பவருக்கும் தெரியாது, பல நேரம் போட்டவருக்கும் தெரியாது. ஈருறுப்பு விரிவுக்காகப் படித்தீர்களே பஸ்கால் முக்கோணி (ஓரத்தில் எல்லாம் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டுத்தொகை), அதையே எடுங்கள். சதுரக்கோட்டுக் கொப்பியில் 32 வரி, ஒற்றை எண் வரும் கட்டத்துக்கு மட்டும் நிறம். பெரிய எண்களைக் கூட்டி மண்டையை உடைக்க வேண்டாம்: மேலே உள்ள இரண்டில் ஒன்று மட்டும் நிறமாக இருந்தால் கீழே நிறம் (ஓரக் கட்டங்களுக்கு எப்போதும் நிறம்தான்), இல்லாவிட்டால் வெறுமை. ஒவ்வொரு வரி முடிந்ததும் போனை அசைக்காமல் ஒரு படம். வினாடிக்கு 8 வீதம் ஓடவிட்டால், போலந்துக் கணிதர் சியர்பின்ஸ்கி 1915இல் விவரித்த முக்கோணி 4 வினாடியில் வளர்ந்துவிடும். 8 வரியில் 27 நிறக் கட்டம், 16இல் 81, 32இல் 243. வரி இரட்டித்தால் நிறம் மும்மடங்கு, ஏனென்றால் மேலே இருக்கும் முக்கோணியே கீழே இடமும் வலமுமாக இன்னும் இரண்டு தடவை வருகிறது, நடுவில் ஓட்டை.

இனித்தான் ருசியே. 3ஆல் வகுபடாத எண்களுக்கு நிறம் பூசிப் பாருங்கள், அப்புறம் 5. (மீதியை மட்டும் எழுதிக் கூட்டினால் போதும்.) முதன்மை எண் என்றால் உருவம் சுத்தமாக, தன்னையே திருப்பித் திருப்பிக் காட்டும். 6 எடுத்தாலோ குழம்பிப்போகும், காரணம் 6ஆல் வகுபட 2ஆலும் 3ஆலும் வகுபட வேண்டும், ஆகவே இரண்டு படத்திலும் ஓட்டை விழுந்த இடம் மட்டும்தான் இங்கே வெறுமை. 2க்கு ஒரு தாள், 3க்கு ஒரு தாள், மெல்லிய ட்ரேசிங் தாளில் வரைந்து ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்துவதைப் படமெடுங்கள், அந்த ஒரு காட்சிக்காகவே இதைச் செய்யலாம்.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் நிற்கும் மரப்பன்னமும் ஃபிராக்டல்தானா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கிட்டத்தட்ட. மைக்கேல் பார்ன்ஸ்லி என்ற கணிதர் நாலே நாலு விதியில் பன்ன இலையை வரைந்து காட்டினார்: தண்டுக்கு ஒன்று, இடப்பக்கச் சிற்றிலைக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, மிச்சத்தைச் சுருக்கிச் சுருக்கி மேலே கொண்டுபோக ஒன்று. கணிதப் பன்னத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் உள்ளே பன்னம் இருக்கும். நம் காட்டுப் பன்னம் இரண்டு மூன்று படியோடு நின்றுவிடும்.