செய்தி தவறாக வந்தால் யாரைக் கேட்பது? கேள்வி பதில்

நாளிதழில் எங்களைப் பற்றித் தவறான செய்தி வந்துவிட்டது. எங்கே புகார் செய்வது?

முதலில் அந்த நாளிதழின் ஆசிரியருக்கு எழுதுங்கள். எந்த வரி தவறு, உண்மை என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்பது மட்டும் இருக்கட்டும், கோபம் வேண்டாம். பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான 2 மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் கவுன்சில் அதைத் தொடாது.

கவுன்சில் அபராதம் போடுமா?

போடாது. 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 14வது பிரிவுப்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். பல்லில்லாத அமைப்பு என்று பலரும் குறைப்படுகிறார்கள். ஆனால் 1966இல் தொடங்கிய முதல் கவுன்சிலை நெருக்கடி நிலைக் காலத்தில் அரசே கலைத்தது. அதை நினைத்தால், பத்திரிகைகளைத் தண்டிக்கும் அதிகாரத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

டிவி சேனல்கள்?

பிரஸ் கவுன்சில் வரம்பில் வராது. செய்திச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட என்.பி.டி.எஸ்.ஏ. என்ற புகார் விசாரிக்கும் அமைப்பு இருக்கிறது. அதன் அபராத உச்சவரம்பாக அப்போது இருந்த 1 லட்சம் ரூபாய் போதாது என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சுட்டிக்காட்டியது.

வாட்ஸ்அப்பில் பரபரப்பாக ஒரு வீடியோ வருகிறது. நிருபர் என்ன செய்ய வேண்டும்?

2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வடமாநில ஊடகங்கள் சில அதைச் செய்தியாகவே போட்டன. அவற்றில் இரண்டு வீடியோக்கள் பொய்யான தகவலோடு பரவியவை என்றது தமிழகக் காவல்துறை. ஒன்று பீகார் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்ப ஆரம்பித்திருந்தார்கள்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகை, வண்டி எண், பேசுகிறவரின் மொழி எல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு காட்சியை எடுத்து இணையப் படத்தேடலில் போட்டால், பழைய வீடியோ பெரும்பாலும் சிக்கிவிடும். அப்புறம் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போன் பண்ணுங்கள், சம்பவ இடத்தில் இருந்தவர் ஒருவரையாவது பிடியுங்கள். போலீஸ் சொன்னதை மட்டும் நம்பி எழுதினால், அது ஒரு தரப்பு மட்டுமே. இதெல்லாம் முடிய அரைநாள் ஆகலாம். ஆகட்டும், அடுத்த சேனல் முந்திக்கொண்டால் முந்தட்டும்.

'கூறப்படுகிறது' என்று போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா?

தீராது. கூறியது யார், அவருக்கு அது எப்படித் தெரியும்? அதைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 2016இல் புதிய 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று சில சேனல்கள் விளக்கியதும், ரிசர்வ் வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்காததன் விளைவுதான்.

திருத்தம் எங்கே போட வேண்டும்?

தவறு வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும்படி. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, உள்பக்க மூலையில் இரண்டு வரி 'வருந்துகிறோம்' போடுவது அவருக்கு இரண்டாவது அநீதி. இணையதளத்தில் சத்தமில்லாமல் வரியை மாற்றுவதும் அப்படித்தான்; என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று செய்தியின் மேலேயே எழுதுங்கள்.