வளாகத்தில் பாலியல் தொந்தரவு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பெண்களுக்கான சட்ட உதவி வேலையில் இருப்பதால் என்னிடம் கேட்டார்கள். பெயர்களை எடுத்துவிட்டேன்.

வந்தாறுமூலை, இறுதி வருட மாணவி: என் ஆய்வை மேற்பார்வை செய்கிற சேர் இரவில் வட்ஸ்அப்பில் எழுதுகிறார். முதலில் ஆய்வு பற்றித்தான் எழுதினார். இப்போது போட்டோ கேட்கிறார், "தனியா வாங்க, மார்க்ஸ் பற்றிக் கதைப்போம்" என்கிறார். மறுத்தால் பாஸாக விடமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. புள்ளி போடுவது அவர்தான் என்ற துணிவில்தான் இப்படி எழுதுகிறார். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை சிறை உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையால் தொந்தரவு செய்தாலே போதும், கை பட வேண்டியதில்லை. புள்ளிக்குப் பதிலாகக் கேட்டால் அது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

அருவருப்பில் எதையும் அழித்துவிடாதீர்கள். இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். "ஆய்வு பற்றி மட்டும், அலுவலக நேரத்தில் கதைப்போம் சேர்" என்று ஒரு வரி பதில் போடுங்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பதில் போடப் பயமென்றால் விடுங்கள், மௌனம் சம்மதமாகாது. இதுவரை எழுதிக் கொடுத்த அத்தியாயங்களையும் அவர் எழுதிய திருத்தங்களையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்குப் புள்ளியைக் குறைத்தால் உங்கள் வேலையைக் காட்ட அவை வேண்டும். பிறகு மேற்பார்வையாளரை மாற்றித் தரும்படி பீடாதிபதிக்கு எழுதுங்கள். முறைப்பாட்டை உபவேந்தருக்குக் கொடுத்து, பிரதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது இரண்டு வாரத்தில் காணாமல் போய்விடும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒலுவில், முதலாம் வருட மாணவன்: சீனியர்மார் அறைக்குள் கூப்பிட்டு உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஆம்பிளைப் பிள்ளை இதையெல்லாம் வெளியே சொல்வதா என்று பட்ச்காரர்களே கேட்கிறார்கள்.

சொல்லத்தான் வேண்டும் தம்பி. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. பகிடிவதைக்கு 2 வருடம் வரை சிறை, அதில் பாலியல் தொந்தரவும் சேர்ந்தால் 10 வருடம் வரை. முறைப்பாடு கொடுக்கத் தனியே போகத் தயக்கமென்றால், உங்களைப் போல அகப்பட்ட இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். நித்திரை வராமல் மனம் கிடந்து தவித்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

சம்மாந்துறை, ஒரு உம்மா: மகளுக்குக் கெம்பஸ் கிடைத்திருக்கிறது. கேள்விப்படுகிற கதைகளால் அவட வாப்பா, அனுப்பவே வேண்டாம் என்கிறார்.

சகோதரி, தப்புச் செய்கிறவன் வகுப்பில் இருக்க, உங்கள் மகள் வீட்டில் இருப்பதா? என்னிடம் வருகிற பிள்ளைகள் மாதக்கணக்காக வாய் திறக்காமல் இருந்ததற்குச் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்." தொந்தரவு செய்கிறவனுக்கும் அது தெரியும். அதனால் அனுப்புவதற்கு முன்பே வாப்பாவின் வாயாலேயே ஒரு வார்த்தை சொல்ல வையுங்கள்: "என்ன நடந்தாலும் எங்களிட்ட சொல்லு, உன் படிப்பு நிற்காது." மிளகாய்த்தூள் பொட்டலத்தை விட அது அவளைக் காக்கும்.

ஏறாவூர், மாணவி: தோழியை நேற்றிரவு ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டான். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அழுகிறாள்.

முதலில் ஆஸ்பத்திரி. இன்றைக்கே போங்கள். கர்ப்பம் தடுக்கும் மாத்திரையும், எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல் போகட்டும், அன்று போட்டிருந்த உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீன் வேண்டாம், ஈரத்தில் தடயம் பழுதாகும். குளித்துவிட்டாள் என்றாலும் பரவாயில்லை, போங்கள். சிகிச்சை பெறுவதற்கு முதலில் பொலிஸுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது, அங்கே தனியாக இருத்திக் கதைப்பார்கள். வாகனம் இல்லையென்றால் அம்புலன்ஸுக்கு 1990, ஆலோசனைக்கு மகளிர் உதவி இலக்கம் 1938. நீங்கள் பக்கத்தில் இருங்கள். "ஏன் அங்கே போனாய்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

காத்தான்குடி: பழைய காதலன் படங்களை வெளியிடுவேன் என்கிறான்.

காசு கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். மிரட்டல் செய்திகளைச் சேமியுங்கள். 18 வயது கடந்தவரென்றால் 'ஸ்டொப் என்சிஐஐ' (StopNCII.org) இணையத்தளத்தைப் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை போலப் படத்தை இனங்காட்டும் ஒரு குறியீடு மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவற்றுக்குப் போய், பதிவேற்றத்தைத் தடுக்க உதவும். பொலிஸில் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு முறைப்பாடு கொடுங்கள், தமிழிலேயே கொடுக்கலாம்.

கல்லடி, இளம் விரிவுரையாளர்: எங்கள் துறையில் நாங்கள் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம் மிஸ். ஆய்வுக்கு இரண்டாவது ஒருவரும் புள்ளியிடட்டும், ஒருவர் கையிலேயே ஒரு பிள்ளையின் பட்டம் தொங்கக் கூடாது. சந்திப்புகள் அலுவலக நேரத்தில், கதவு திறந்தபடி நடக்கட்டும். மாணவி ஒருத்தி வந்து சொன்னால், கேட்டு, அவள் சொன்னபடியே எழுதி, அடுத்து என்ன செய்ய விரும்புகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். விசாரணைக் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்கும்படி வற்புறுத்துங்கள். விசாரணை நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய விடைத்தாளைத் தொடக் கூடாது. முடிவு என்னவென்று அவளுக்கு எழுத்தில் அறிவியுங்கள். பல இடங்களில் அந்தக் கடிதம் போவதே இல்லை.