வெளிநாட்டில் அம்மாவின் பிரஷர் மாத்திரை தீரப்போகிறது: பதில்

மாத்திரை இரண்டு நாளுக்குத்தான் இருக்கிறது, நம் ஊர் மருந்துச் சீட்டை அங்கே கடையில் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பல நாடுகளில் அப்படித்தான்; அந்த நாட்டு மருத்துவர் ஒருவர் புதிதாக எழுதித் தர வேண்டும். பயணக் காப்பீடு இருந்தால் முதலில் அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், எந்த கிளினிக் என்று கேளுங்கள்.

காலி மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராம் அளவும்தான் மருத்துவருக்குத் தேவை. அது மெட்டோப்ரோலால் அல்லது அட்டெனோலால் என்றால் இன்றே போய்விடுங்கள். அந்த வகையைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். வலி வந்தால் கிளினிக் தேடாமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம், மாத்திரையைப் பாதியாக உடைத்து நாட்களை ஓட்டலாம் என்று அம்மா சொன்னால், தயவுசெய்து விடாதீர்கள்.